மாமியாரின் பெயர்

மொரோவெய், பூகன்வில் தீவு
4 ஆகஸ்ட் 1968

அன்பு மகள் டில்டாவுக்கு,

உன் போன கடிதம் மூன்றே வரி. "நலம். பரீட்சை வருகிறது. அங்கே மழையா?" மழைதான். இதற்கு மேல் என்ன பதில் எழுதுவது? ஆனாலும் உன் அப்பன் பாதிரியார் பள்ளியில் மூன்று வருஷம் இருந்தவன். அதில் ஒரு வருஷம் பாதிரியாரின் கோழிகளைப் பார்த்துக்கொண்டேன். மீதி இரண்டு வருஷப் படிப்பு வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன்.

நம் பெண் பன்றி ஏழு குட்டி போட்டது. என் இடது முழங்கால் உள்ளே மணல் அரைக்கிறது. நர்ஸ் படிக்கும் மகள் இருந்தும் பச்சிலைதான் கட்டிக்கொள்கிறேன். தேங்காய்ப்பாலில் பிசைந்த சேப்பங்கிழங்கைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. உனக்குப் பிடிக்கும் என்பதால் உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன்.

இதெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

உன் தாய்மாமாவைக் கியெட்டா நகரச் சிறையில் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம். செம்புக் கம்பெனிக்காரர்கள் நம் பினெய்ச் சரிவு முழுக்க, தலையில் சிவப்புத் துணி கட்டிய அளவுக் குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். உன் அம்மாவின் கல்லறைக்கு நாலு எட்டுத் தள்ளி ஒன்று. மாமா அத்தனையையும் பிடுங்கி, விறகுக்கட்டு மாதிரி கட்டி, தலையில் சுமந்து ஒரு நாள் முழுக்க நடந்து, கியெட்டாவில் அரசாங்கத் துரையின் மேசைமேல் வைத்திருக்கிறார். "உங்க சாமான் எங்க தோட்டத்துல கிடந்துச்சு. ஒண்ணுகூட குறையல, எண்ணிப் பாத்துக்குங்க" என்றாராம். அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

போன ஞாயிறு கோயில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பூசை முடிந்து எல்லோரும் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். "பினெய்ச் சரிவு: உரிமையாளர் எவரும் இல்லை. ஆகவே அரசு நிலம். செம்பு எடுக்கக் கம்பெனிக்கு விடப்படும். ஆட்சேபம் இருந்தால் அக்டோபர் ஒன்பதாம் தேதி விசாரணையில் சொல்லலாம்."

எவரும் இல்லையாம். எப்படி இப்படி எழுதினார்களோ, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
அலோயிஸ்


மருத்துவமனை விடுதி, ரபவுல்
19 ஆகஸ்ட் 1968

அப்பாவுக்கு,

எப்படி எழுதினார்களோ புரியவில்லை என்கிறீர்கள். எனக்குப் புரிகிறது.

இங்கே ஆண்கள் வார்டில் கியெட்டாக்காரர் ஒருவர் இருக்கிறார். கப்பலில் சுமை இறக்கும்போது கால் முறிந்தது. நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. நேற்றுப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மொரோவெய்ல ஒரு மாப்பிள்ளை இருக்கான்ப்பா. ஊரே துரைகிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கு. இவன் மட்டும் துரை குடுத்த தொப்பியப் போட்டுக்கிட்டு, முன்னால நடந்து, இது ஆறு, இது மேடுன்னு காட்டியிருக்கான். கடைசில துரை, நிலம் யாருதுன்னு கேட்டா, அய்யா சாமி ஊமையாயிட்டாராம்!"

நான் அவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இறுக்கிவிட்டேன். கத்தினார். "நல்லா இறுக்கினாத்தான் எலும்பு சேரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

அப்பா, அம்மா போனபின் அந்தச் சரிவு என்னுடையது. உங்களுடையது இல்லை. மாமாவுடையதுகூட இல்லை; அவர் காவல், அவ்வளவுதான். நிலம் பெண் வழியில் இறங்கும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். "நான் உன் அம்மா வீட்டு விருந்தாளி, இருபது வருஷமா எழுந்து போகாத விருந்தாளி" என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரியை மறந்துபோய்விட்டதா? அந்தத் தாளில் என் பெயர் ஏன் இல்லை?

பன்றிக்குட்டிக் கதை வேண்டாம். இதற்குப் பதில் எழுதுங்கள்.

குளோட்டில்டா


மொரோவெய்
1 செப்டம்பர் 1968

டில்டா,

முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாய். சரி, திட்டு வாங்கத்தான் வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

பதில் சொன்னாலே பாதி விற்ற மாதிரி என்று உன் மாமா சொல்லிவிட்டார். துரை வந்த அன்று ஊர் மொத்தமும் வாயில் பாக்கை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சின்ன வயசுத் துரை, மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து கிடந்தது. "இங்கே பிட்ஜின் நல்லாப் பேசறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். டில்டா, உனக்குத்தான் தெரியுமே. பிட்ஜின் நல்லாப் பேசுகிறவன் யார் என்று ஒருவன் கேட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் உன் அப்பனால் இருக்க முடியுமா? வெள்ளைக்காரர் தென்னந்தோட்டத்துச் சமையல்கட்டில் எட்டு வருஷம் கற்ற கலப்பு ஆங்கிலப் பேச்சு. கை தானாகத் தூக்கிக்கொண்டது.

நானே கூட்டிப்போனால் கல்லறைப் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுபோகலாம் என்றும் நினைத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி தொப்பி.

சரிவின் உச்சியில் நின்று துரை தாளை எடுத்தார்.

"இது யாரோட நிலம்?"

"அவங்களோடது, துரை."

"எவங்க?"

"என் பெண்சாதியோட அம்மா."

"பேரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மாமியார் பெயரை நம்மில் எந்த மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான்? இதைத் துரைக்கு எப்படி விளக்குவது? "சொல்லக் கூடாது, துரை" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியும். சொல்லக் கூடாது."

"சரி, அந்த அம்மா எங்கே?"

"செத்துட்டாங்க."

"உன் பெண்சாதி?"

"அவளும்தான்."

"அப்ப நீ சொந்தக்காரன்."

"நானா? ஐயோ, நான் மாப்பிள்ளை, துரை. எனக்கு இங்கே ஒரு வாழைகூட கிடையாது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஏதோ எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பள்ளியில் கற்ற கையெழுத்து, பெரிய எழுத்தில், கடைசியில் வால் வைத்து. துரைகூட நல்லாயிருக்கு என்றார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னை நான் மறக்கவில்லை. "பிள்ளைங்க உண்டா?" என்றும் அவர் கேட்டார். அதற்குத் தடையே கிடையாது. உன் பெயரை நான் நாளைக்கு நூறு தடவை சொல்கிறவன். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பெயர் கொடுத்தவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தேன். போலீசோடு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்துப் போடு, போடு என்று வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். உன்னைப் படிப்பிலிருந்து இழுத்து வருவார்கள் என்று பயந்தேன். "இல்லை" என்றேன். என் ஒரே மகளை, இருக்கும்போதே, இல்லை என்றேன். சொல்ல முடியாத பெயர் ஒன்று, சொல்ல மனசு வராத பெயர் ஒன்று. இரண்டும் சேர்ந்து "எவரும் இல்லை" ஆகிவிட்டது.

கியெட்டா அலுவலகத்துக்குப் போய் வந்தேன். "சொன்னவன்தான் திருத்தணும். இல்லாட்டி அந்தக் குடும்பத்து ஆள் வரணும். மூணு தலைமுறைப் பேரு வேணும்" என்கிறார் குமாஸ்தா. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது நீயும் மாமாவும். மாமாவைச் சிறையிலிருந்து விட மாட்டார்களாம். ஊர்க்காரர்கள் யாரையாவது சொல்லச் சொல்லலாம் என்றால், அடுத்த குலத்தின் தாய்வழியைச் சபையில் எடுத்துச் சொன்னால் அந்த நிலத்தைக் கேட்கிறதாகத்தான் அர்த்தம். நமக்காகவும் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

ஆற்றங்கரையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். கல்லைத் தவிர யாருமில்லை. வாய் திறக்கிறது, காற்று வருகிறது, பெயர் வரவில்லை. எழுதிப் பார்த்தேன், முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. எழுதுவதும் சொல்வதுதானே.

ஒரு விஷயம் உனக்கு நான் சொன்னதில்லை. நீ பிறக்காத காலம். ஒரு விருந்தில் ஆண் பன்றி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு உன் பாட்டியை நோக்கிப் பாய்ந்தது. அவருக்கு முதுகுப் பக்கம். பார்த்தவன் நான் ஒருவன்தான். பெயர் சொல்லிக் கத்தியிருந்தால் திரும்பியிருப்பார். நான், "ஏய், அங்கே நிக்கிறவங்களே!" என்று கத்தினேன். அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள், அவரைத் தவிர. இடுப்பு எலும்பு போயிற்று. சாகும்வரை சாய்ந்து சாய்ந்து நடந்தார். "மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நானே செத்திருந்தாலும் மரியாதை குறைச்சிருக்க மாட்டார்" என்று உன் அம்மாவிடம் சொன்னாராம். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டில்டா, நீ வந்துவிடு. ஒரே ஒரு நாள். உன் வாயால் சொன்னால் போதும்.

அப்பா


ரபவுல்
27 செப்டம்பர் 1968

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் படித்தேன். இரண்டாவது தடவை அந்தப் பன்றி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. மூன்றாவது தடவை படித்து முடிக்கவில்லை.

தலைமைச் சிஸ்டரிடம் போய் நின்றேன். "நவம்பரில் கடைசிப் பரீட்சை. இப்போது கப்பல் ஏறினால் திரும்பி வர வேண்டாம். உன் கட்டிலுக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்" என்றார். கெட்டவர் இல்லை. சட்டம் அப்படி. எனக்கு முன்னால் மொரோவெயிலிருந்து எவளும் இந்தப் படிப்புக்கு வந்ததில்லை. மூன்று வருஷம் அப்பா.

அதனால் இப்படிச் செய்கிறேன். என் பெயர், அம்மா பெயர், அவள் அம்மா பெயர், அதற்கும் மேலே இரண்டு தலைமுறை, எல்லாம் தனித் தாளில் நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எந்த ஓடை எல்லை, எந்தப் பாதாம் மரம் யார் வைத்தது, எல்லாம் இருக்கிறது. நாலாக மடித்து விளிம்பைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். நீங்கள் திறக்க வேண்டாம். சொல்ல வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். மேசைமேல் வைத்துவிட்டு நில்லுங்கள். தொப்பி போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கப்பல் எட்டாம் தேதி கியெட்டா சேரும் என்கிறார்கள். அன்று நீங்கள் எப்படியும் கப்பல்துறையில் காத்திருப்பீர்கள் என்று தெரியும்.

டில்டா


தங்கை வீடு, மலைக்கு மேற்கே
15 அக்டோபர் 1968

டில்டா மகளே,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். சொல்கிறேன்.

எட்டாம் தேதி விடியலிலிருந்து கப்பல்துறையில் உட்கார்ந்திருந்தேன். கப்பல் வரவில்லை. ஏதோ இயந்திரக் கோளாறு, எங்கேயோ தீவோரம் நிற்கிறது என்றார்கள். அதில் உன் கடிதம் இருக்கிறதா, நீயே இருக்கிறாயா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்பதாம் தேதி காலை வரை கடலையே பார்த்தேன். அப்புறம் எழுந்து விசாரணைக்குப் போனேன்.

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திறந்து கிடந்தது. துரை என் பழைய தாளைத் தூக்கிக் காட்டினார், என் வால் வைத்த கையெழுத்தோடு. "இது நீ போட்டதுதானே?"

"நான்தான், துரை. தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு மகள் இருக்கா. குளோட்டில்டா. ரபவுல்ல படிக்கிறா. நிலம் அவளோடது."

"அவ அம்மா?"

"மக்தா."

"அவங்க அம்மா?"

கண்ணை மூடிக்கொண்டேன். ஆண் பன்றி பாய்கிற மாதிரியும், அந்த அம்மாள் முதுகைக் காட்டி நிற்கிற மாதிரியும் நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன்.

"காதுல விழல. உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னேன்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

இருபது வருஷம் காத்த பெயரை எழுத்து எழுத்தாகப் பிய்த்துக் கொடுத்தேன், டில்டா. இரண்டு வருஷப் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது. கடைசி எழுத்து முடிந்து ஜன்னலைப் பார்த்தால், மரத்தடியில் நம் பெண்கள் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

துரை எழுதி முடித்து, "ஆச்சு. இப்ப நிலத்துக்குச் சொந்தக்காரி இருக்கா" என்றார்.

"அப்ப கம்பெனி வராதா, துரை?"

"வரும். இனி சொந்தக்காரிய கேட்டுட்டுத்தான் வரும்."

"அவ வேணாம்னா?"

அவர் உரிந்த மூக்கைத் தடவிக்கொண்டார். "மேல இருக்கிற மண்ணுதான் உங்களோடது. கீழே இருக்கிறது அரசாங்கத்தோடது. மண்ணுக்கு வாடகை குடுப்பாங்க. வேணாம்னு சொன்னாலும் கேட்டுக்குவாங்க."

"கேட்டுக்கிட்டு?"

"கேட்டுக்கிட்டு வருவாங்க."

சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்துவிட்டேன். அந்தப் பெயரைக் கொடுத்து நான் வாங்கியது இதுதான்.

பெயர் சொன்ன குற்றத்துக்கு ஒரு பன்றி கொடுத்தேன். ஏழு குட்டி போட்டதே, அதுதான். என்னை யாரும் துரத்தவில்லை. ஆனால் என் அடுப்புக்கு யாரும் நெருப்பு கேட்டு வரவில்லை. மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு என் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுந்து போகாத விருந்தாளி எழுந்து வந்துவிட்டான்.

கப்பல் கியெட்டாவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததாம். இன்று மத்தியானம்தான் உன் கடிதமும், பசை ஒட்டிய தாளும் இங்கே வந்தன. தாளை நான் திறக்கவில்லை.

அப்பா


மலைக்கு மேற்கே
20 அக்டோபர் 1968

டில்டா,

அவசரமாக எழுதுகிறேன். வராதே.

புல்டோசர் ஆற்றைக் கடந்துவிட்டது. கீழ்த் தோட்டங்கள் போயின. சர்க்கரைவள்ளி ஒரு நாளில், பாதாம் மரங்கள் அரை நாளில். நம் பெண்கள் மண்ணில் வரிசையாக உட்கார்ந்தார்கள். போலீசார் கைகளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். நான் மலைமேலிருந்து பார்த்தேன். இறங்கிப்போக எனக்கு முகம் இல்லை.

முப்பதாம் தேதி புதன்கிழமைக்குள் சரிவும் போகும். உன் அம்மாவைப் பெட்டியில் வைத்து நல்ல இடத்துக்கு மாற்றித் தருகிறார்களாம், சிமெண்டு போட்டு. அதற்குச் சொந்தக்காரி கையெழுத்து வேண்டுமாம். கம்பெனி ஆள் என் தங்கை வீடுவரை வந்தான். "குளோட்டில்டா எப்ப வரும்? குளோட்டில்டா ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லது" என்று உன் பெயரைத் தன் வீட்டு நாய்க்குட்டிப் பெயர்போலச் சொல்கிறான். எதற்குப் பயந்து உன்னை இல்லை என்றேனோ அதுவே வந்துவிட்டது. ரபவுலுக்கும் ஆள் அனுப்புவார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதே. படி. பரீட்சை எழுது. நிலம்தான் போகிறது, நீயாவது மிஞ்சு.

இங்கே நகைச்சுவையாக எதுவும் இல்லை, மன்னித்துக்கொள்.

அப்பா


ரபவுல் கப்பல்துறை
26 அக்டோபர் 1968

அப்பா,

இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில் வருகிறோம். உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச வராது, அதனால் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். அழுக்காக இருந்தால் மன்னியுங்கள், மூட்டைமேல் வைத்து எழுதுகிறேன்.

சிஸ்டரிடம் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். "ஒரு சரிவுக்காகவா?" என்றார். "கம்பெனிக்கும் அது ஒரு சரிவுதானே சிஸ்டர்? அவங்க ஏன் அவ்வளவு தூரத்திலேருந்து வர்றாங்க?" என்றேன். வழிக்கு இரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்தார். கட்டுத்துணியும் மருந்தும் ஒரு பெட்டி கொடுத்தார். அதைக் கேட்காமலே கொடுத்தார், அதுதான் பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். அம்மாவைத் தோண்டவும் விட மாட்டேன். புதன்கிழமை கல்லறைக்கு முன்னால் மற்றப் பெண்களோடு உட்காருவேன். அதனால் புல்டோசர் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் "எவரும் இல்லை" என்ற நிலத்தின்மேல் அது ஏறக் கூடாது. நான் இருக்கிறேன் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

நீங்கள் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். முகம் இல்லை என்று எழுதாதீர்கள். முதுகைத் திருப்பிய பெண்களிடம் நான் பேசுகிறேன். பாட்டி எனக்குத்தான் பாட்டி. உங்கள் குற்றத்தை மன்னிக்கிற உரிமை இப்போது என்னுடையது. மன்னித்தாயிற்று. பன்றியும் கொடுத்துவிட்டீர்கள்.

எனக்குப் பின்னால் எங்காவது, எனக்குத் தெரியாததையும் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். நான் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்திலிருந்து எது வருகிறது என்று எனக்குத் தெரியாது.

ஏதாவது பாய்ந்தால், "அங்கே நிக்கிறவங்களே" என்று கத்தாதீர்கள் அப்பா. என் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

டில்டா